தந்தி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது: மலிவு பேஸ் கிதாரை வீட்டிலேயே சரிசெய்யலாமா?

கேள்வி: சில ஆண்டுகளாகப் பரண்மேல் கிடந்த, விலை குறைந்த நான்கு தந்தி பேஸ் கிதார் ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. ஃபெண்டர் ஜாஸ் பேஸின் நகல்: இரண்டு பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தப் பெட்டி), இரண்டு வால்யூம், ஒரு டோன். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்தி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது; பிரிட்ஜில் சேடில்களை (தந்தி உட்காரும் சிறு துண்டுகள்) இதற்குமேல் இறக்க இடமில்லை. ஜி தந்தியில் 9-ஆம் ஃப்ரெட்டை அழுத்தினால் 10-ஆம் ஃப்ரெட்டின் சுரம் கேட்கிறது. முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் விரல் வலிக்கிறது, சுருதியும் கூடிவிடுகிறது. கழுத்துப் (நெக்) பக்கத்துப் பிக்கப்பில் ஒலி மெலிந்து வருகிறது. வால்யூமைத் திருப்பினால் கரகரப்பு. கேபிள் அசைந்தால் ஒலி அறுந்துபோகிறது. தந்தியைத் தொடாதபோது இரைச்சல் வேறு. டிரஸ் ராடை இறுக்கினால் தந்தி இறங்கிவிடும் என்கிறார் நண்பர். என்னிடம் ஸ்க்ரூ டிரைவர்கள், 25 வாட் சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர் இருக்கின்றன. நானே செய்யலாமா? எதில் தொடங்குவது?

பதில்: செய்யலாம். நீங்கள் எழுதியிருப்பவற்றில் பட்டறைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டிய பழுது எதுவும் இல்லை. நண்பரின் யோசனையை மட்டும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நெக்குக்குள் ஓடும் உலோகக் கம்பியான டிரஸ் ராட் நெக்கின் வளைவைச் சரிசெய்வதற்கானது, தந்தியின் உயரத்தைக் குறைப்பதற்கானது அல்ல. உயரம் இறங்கவில்லையே என்று அதை இறுக்கிக்கொண்டே போனால் ஒருநாள் ராட் முறியும். மலிவு பேஸில் ராட் முறிந்தால் நெக்கையே மாற்ற வேண்டியதுதான்.

பேஸ் கிதாரில் ஒரு அளவை மாற்றினால் அடுத்த அளவும் மாறும். நெக்கின் வளைவை மாற்றினால் தந்தி உயரம் மாறும். உயரம் மாறினால் மேல் ஃப்ரெட்டுகளின் சுருதி மாறும். வரிசை தப்பினால் செய்த வேலையையே திரும்பச் செய்துகொண்டிருப்பீர்கள். உங்கள் பேஸுக்கு நான் சொல்லும் வரிசை இது: தந்தி இருக்கும்போதே சோதனைகள், தந்தியைக் கழற்றியபின் மின்பகுதி, ஃப்ரெட், நெக் கோணம், புதுத் தந்தி போட்டு நெக் வளைவு, நட் (நெக்கின் மேல்முனையில் தந்திகள் பள்ளங்களில் உட்காரும் துண்டு), சேடில் உயரம், சுருதித் துல்லியம், கடைசியாகப் பிக்கப் உயரம்.

எதையும் வாங்குவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். ஹெட்ஸ்டாக் (நெக்கின் தலைப்பகுதி) பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கின் நீளவாக்கில் நோக்குங்கள். முதல் ஃப்ரெட்டும் கடைசி ஃப்ரெட்டும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்து தெரிந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதை எந்தத் திருகாலும் நேராக்க முடியாது. இரண்டாவது, டிரஸ் ராடின் திருகு நட்டில் ஆலன் கீயை ஆட்டமில்லாமல் நுழைத்து, முதலில் தளர்த்தும் திசையில், அதாவது கடிகார முள்ளுக்கு எதிராக, எட்டில் ஒரு சுற்று திருப்பிப் பாருங்கள். அசைந்தால் நல்லது, பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள். ஆலன் கீ அங்குல அளவா மில்லிமீட்டர் அளவா என்பதை இங்கேதான் கவனிக்க வேண்டும்: 3/16 அங்குலம் என்பது 4.76 மி.மீ.; 4.5 மி.மீ. கீ உள்ளே போகும், சுற்றும்போது முனைகளை மழித்துவிடும். மூன்றாவது, பிக்கப்புக்குள் சுற்றியிருக்கும் ஒயரான காயிலுக்கு உயிர் இருக்கிறதா என்பது; அதைச் சோதிக்கும் முறை அடுத்த பகுதியில். முதல் இரண்டில் ஏதாவது ஒன்று தோற்றால் நெக் மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்கு வேறொரு பேஸ் தேடுவது மேல். மூன்றாவது தோற்றால் பாதகமில்லை, பிக்கப் ஒன்று வாங்கினால் போதும்.

மின்பகுதி

ஆம்ப்ளிஃபயரில் (ஆம்ப்) இணைத்து, வால்யூம்களை முழுக்கத் திறந்து, சிறிய ஸ்க்ரூ டிரைவர் முனையால் பிக்கப்பின் காந்த முனைகளை மெல்லத் தட்டுங்கள். நல்ல பிக்கப்பில் ‘டொக்’கென்று கனத்துக் கேட்கும். அடுத்து மல்டிமீட்டர். கேபிளின் ஒரு முனையை பேஸில் செருகி, மறு முனையில் பிளக்கின் நுனிக்கும் தண்டுக்கும் இடையே 20 கிலோ ஓம் வரம்பில் அளவுங்கள். வழக்கமான ஜாஸ் பேஸ் ஒயரிங்கில் ஒரு வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து மற்றதைத் திறந்தால் சுமார் 7 கிலோ ஓம், இரண்டையும் திறந்தால் அதில் பாதி காட்ட வேண்டும். கழுத்துப் பக்கப் பிக்கப்பை மட்டும் திறந்திருக்கும்போது மீட்டர் அந்த வரம்பைத் தாண்டிப்போய், 200 கிலோ ஓம் வரம்புக்கு மாற்றினால் 125-ஐ ஒட்டி நின்றால், நீங்கள் அளப்பது காயிலை அல்ல, இரண்டு 250 கிலோ ஓம் வால்யூம் பாட்களின் (குமிழுக்கு அடியில் உள்ள மாறும் மின்தடை) இணைப்பை. காயில் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அறுந்த காயிலிலும் அடிக்கனம் இல்லாத மெல்லிய ஒலி கொஞ்சம் கசிந்து வரும். நீங்கள் ‘மெலிந்து’ என்று எழுதியிருப்பது அதுவாக இருக்கலாம்.

ஒரு வால்யூமைக் குறைத்தவுடன் மீட்டர் பூஜ்யத்துக்குப் போய், ஒலியும் முழுக்க நின்றால் பதற வேண்டாம். சில மலிவு பேஸ்களில் பாட்டின் நடுக்காலும் ஓரக்காலும் இடம் மாற்றி இணைக்கப்பட்டிருக்கும். அது பழுதல்ல. அப்படியானால் கன்ட்ரோல் தகட்டைத் திறந்து, பிக்கப்பின் ஒயரை பாட்டிலிருந்து விடுவித்து நேராகவே அளந்துகொள்ளுங்கள். ஜாஸ் வகைப் பிக்கப் 7 முதல் 8 கிலோ ஓம் அளவில் இருப்பது வழக்கம். சரியான அளவு காட்டினால் குற்றவாளி பாட்டோ அதன் சால்டரோதான். திறந்தவுடன் உள்ளே இருப்பதை ஒரு புகைப்படம் எடுத்துவிடுங்கள்; எந்த ஒயர் எந்தக் காலில் இருந்தது என்பது அரைமணியில் மறந்துபோகும்.

காயில் அறுந்திருந்தாலும் உடனே வீசிவிட வேண்டாம். காயில் ஒயர் தலைமுடி அளவு மெல்லியது. தடித்த ஒயருடன் அது சேரும் முனையில்தான் பெரும்பாலும் அறும். அந்த இடத்தில் ஒரு நொடி சால்டரை உருக்கி மறுபடி அளந்து பாருங்கள். உயிர் வரவில்லையென்றால் மாற்றுங்கள். வாங்கும் முன் பழையதன் நீளத்தை அளந்துகொள்ளுங்கள்: ஃபெண்டர் அளவில் கழுத்துப் பக்கப் பிக்கப் சுமார் 92 மி.மீ., பிரிட்ஜ் பக்கத்தது சுமார் 95. நகல்களில் இரண்டும் ஒரே நீளமாக இருப்பதும் உண்டு. மாட்டியபின் தனித்தனியே நன்றாக ஒலித்து, இரண்டையும் சேர்த்துத் திறந்தால் மட்டும் அடிக்கனம் காணாமல் போனால் இரண்டும் எதிரெதிர் கட்டத்தில் (ஃபேஸில்) இருக்கின்றன. புதுப் பிக்கப்பின் இரு ஒயர்களை இடம் மாற்றினால் தீர்ந்தது.

கேபிள் அசைந்தால் ஒலி அறுவது ஏறக்குறைய எப்போதும் ஜாக்கின் (கேபிள் செருகும் இடம்) வேலை. அதன் நட் தளர்ந்து, பிளக் செருகும்போதெல்லாம் ஜாக் முழுவதும் சுழன்று, உள்ளே ஒயர் முறுக்கி அறுகிறது. ஒயர் சரியாக இருந்தால், பிளக்கின் நுனியைப் பிடிக்கும் வளைந்த இரும்பு நாக்கை உள்பக்கமாகச் சற்று வளைத்து, தொடும் இடத்தைத் துடைத்துவிடுங்கள். நட்டை இறுக்கும்போது ஜாக்கின் உடலை உள்ளேயிருந்து விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். மூடிய பிளாஸ்டிக் குழாய் போன்ற ஜாக் என்றால் அதைச் சரிசெய்ய முயலாமல் திறந்த வகை மோனோ ஜாக் ஒன்றைப் போட்டுவிடுங்கள். நாக்கோடு சேர்ந்த காலில் சிக்னல் ஒயர், பிளக்கின் தண்டைத் தொடும் வளையத்தோடு சேர்ந்த காலில் எர்த்.

கரகரக்கும் பாட்டுக்கு, எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் கான்டாக்ட் கிளீனர் வாங்குங்கள். கதவுக்கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே கூடாது. அன்றைக்குக் கரகரப்பு போகும், பிறகு தூசியைப் பிடித்து மோசமாகும். மூன்று கால்களுக்கு மேலே உள்ள இடுக்கில் ஒரு சிறு பீச்சு, பிறகு குமிழை முழு அளவுக்கு இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் திருப்புங்கள். போகாவிட்டால் பாட்டின் கரித்தடம் தேய்ந்துவிட்டது. புது பாட் வாங்கும்போது மதிப்பைவிட உடல் அளவில்தான் ஏமாற்றம் வரும். நகல் பேஸ்களில் பெரும்பாலும் 16 மி.மீ. சிறிய பாட், துளையும் சிறியது. பெரிய வகை பாட்டுக்குத் தகட்டின் துளையை 9.5 மி.மீ.க்கு அகலப்படுத்த வேண்டும், பழைய குமிழும் புதுத் தண்டில் உட்காராமல் போகலாம். பழையதைக் கையோடு வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். மேலே ஏ250கே என்றிருந்தால் வால்யூமுக்கும் டோனுக்கும் பொருந்தும். பி என்று தொடங்கினால் சீராக மாறும் வகை. வால்யூம் கடைசி முனையில் மட்டும் சட்டென்று விழுவது போல் தோன்றும், வேலை செய்யாமல் போகாது. டோன் கபாசிட்டரில் 473 என்று இருக்கும்: 0.047 மைக்ரோ ஃபாரட். அது கெடுவது அரிது. விலை உயர்ந்த கபாசிட்டர் போட்டால் ஒலி மாறும் என்று யாராவது சொன்னால், அந்தப் பணத்தில் தந்தி வாங்குங்கள்.

உங்கள் 25 வாட் அயர்ன் பாட்டின் கால்களுக்குப் போதும். பாட்டின் முதுகில் எர்த் ஒயர் பற்றவைக்கப் போதாது: உலோகக் கூடு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், நீங்கள் சால்டர் உருகும்வரை அழுத்திக்கொண்டே இருப்பீர்கள், அதற்குள் உள்ளே கரித்தடம் வெந்துவிடும். தட்டை முனையுள்ள 40 முதல் 60 வாட் அயர்ன் இரவல் வாங்கி, முதுகை உப்புத்தாளால் சுரண்டிவிட்டு, மூன்று நான்கு நொடியில் வேலையை முடியுங்கள். சால்டர் ரோசின் நடுக்கொண்ட 60/40. குழாய் வேலைக்கான அமிலப் பசை வேண்டவே வேண்டாம். ஒயரைக் காலப்போக்கில் அரித்துவிடும்.

இரைச்சலைப் பற்றி: தந்தியைத் தொட்டவுடன் குறைகிறது என்றால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் சரியாகவே இருக்கிறது. உறுதிசெய்ய, பிரிட்ஜுக்கும் பிளக்கின் தண்டுக்கும் இடையே அளந்தால் ஓரிரு ஓமுக்குள் இருக்க வேண்டும். தொட்டால் இரைச்சல் கூடினால்தான் ஜாக்கில் இரு ஒயர்களும் இடம் மாறியிருக்கும். ஒற்றைக் காயில் பிக்கப்புக்குக் கொஞ்சம் இரைச்சல் பிறவிக் குணம். பல ஜாஸ் வகை பேஸ்களில் இரண்டு பிக்கப்பும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் இரண்டையும் முழுக்கத் திறந்தால் அது வெகுவாகக் குறையும். ஒரு காயில் அறுந்து கிடந்தால் உங்களுக்கு அந்த நன்மை கிடைக்காது. முதலில் பிக்கப்பைச் சரிசெய்து கேளுங்கள். செப்பு ஃபாயில் ஒட்டும் வேலையை அதற்குப் பிறகு யோசிக்கலாம். ஃபாயில் விளக்கு, மோட்டார் போன்றவற்றின் சீறலைக் குறைக்கும்; டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றால் வரும் கனத்த ‘ம்ம்’மைத் தடுக்காது. ஒட்டினால் எல்லாத் துண்டுகளும் ஒன்றோடொன்று மின் தொடர்பில் இருந்து எர்த்தில் சேர வேண்டும், சிக்னல் கால் எதுவும் ஃபாயிலைத் தொடக் கூடாது.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். தந்தியைத் தொடும்போது ‘சுர்’ரென்று ஷாக் தட்டினால் அது பேஸின் பழுதல்ல. ஆம்பிலோ வீட்டு பிளக்கிலோ எர்த் இல்லை. உடனே அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். பிரிட்ஜின் எர்த் ஒயரை வெட்டிவிட்டால் ஷாக் வராது என்ற யோசனையைக் கேட்காதீர்கள். ஆம்பின் பழுது அப்படியே இருக்கும்.

ஃப்ரெட்

9-ஐ அழுத்தினால் 10-இன் சுரம் வருவது, தந்தி 10-ஆம் ஃப்ரெட்டின் மேல் படிந்துவிடுவதால். 4 மி.மீ. உயரத்திலும் படிகிறது என்றால் அந்த ஃப்ரெட் கொஞ்சநஞ்சம் எழும்பியிருக்கவில்லை, ஜி பக்கத்து முனை மரத்திலிருந்து கிளம்பியே இருக்க வேண்டும். தந்திகளைக் கழற்றி, நெக்கையும் பாடியிலிருந்து எடுத்துவிடுங்கள். தந்தியின் இழுவை இல்லாதபோது ராட் நெக்கைப் பின்னுக்கு வளைக்கும், அதனால் ராடைத் தளர்த்தி நெக்கை நேராக்கிக்கொள்ளுங்கள். நேரான விளிம்புள்ள ஒரு சிறு உலோகத் துண்டை 9, 10, 11 மூன்றின் மேலும் படும்படி வையுங்கள். நடுவில் ஊன்றி இருபுறமும் ஆடினால் 10 உயர்ந்திருக்கிறது. அதன் முனையை மரத்துண்டால் அழுத்திப் பாருங்கள். இறங்கி மறுபடி எழும்பினால் அரைவேலை முடிந்தது: ஃப்ரெட்டின் இருபுறமும் விரல்பலகையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நெக்கின் பின்புறம் துணி மடித்துத் தாங்கல் கொடுத்து, தண்ணீர் போல் ஓடும் மெல்லிய சூப்பர் க்ளூவை ஊசி முனையால் ஃப்ரெட்டின் அடியில் ஓடவிட்டு, மரத்துண்டை வைத்து கிளாம்பால் அழுத்தி ஒரு மணிநேரம் விட்டுவிடுங்கள். கெட்டியான க்ளூ உள்ளே இறங்காது. சுத்தியலால் அடிக்க வேண்டுமென்றால் பிளாஸ்டிக் தலை, அதுவும் மெல்ல. பலமாக அடித்தால் ஒரு முனை இறங்கும்போது மறுமுனை எழும்பும்.

அழுத்தியும் அசையவில்லை என்றால்தான் அரம். ஃப்ரெட்டின் தலையில் மார்க்கரால் கோடிட்டு, மெல்லிய தட்டை அரத்தால் அந்த ஒன்றை மட்டும், ஆட்டம் நிற்கும்வரை தேயுங்கள். தலை தட்டையாகிவிடும், தட்டைத் தலையில் தந்தி ஓரிடத்தில் நிற்காமல் சுருதி தடுமாறும். முனை மழித்த முக்கோண அரத்தால் இரு ஓரங்களையும் சாய்த்து, நடுவில் மார்க்கர் கோடு மெல்லிய கீற்றாக மிஞ்சும்வரை உருட்டிக்கொண்டு வந்து, 400, 600, 1000 எண் உப்புத்தாளால் வழித்துவிடுங்கள். எஃகுப் பஞ்சு உபயோகித்தால் நெக் பாடியில் மாட்டியிருக்கக் கூடாது. அதன் தூள் பிக்கப் காந்தத்தில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு.

ஃப்ரெட்டின் பக்க முனைகள் கையைக் கீறினால், காய்ந்த காற்றில் மரம் சுருங்கியிருக்கிறது. அரத்தால் சாய்வாக இரண்டு இழுப்பு போதும்.

நெக்கின் கோணம்

உங்கள் பேஸின் முக்கியமான பிரச்சினை இதுதான் என்று நினைக்கிறேன். சேடில் அடிமட்டத்தில் இருந்தும் தந்தி இறங்கவில்லை என்றால், நெக் பாடியில் உட்காரும் கோணமே சரியில்லை. முதலில் நான்கு நெக் ஸ்க்ரூக்களும் இறுகியிருக்கின்றனவா, நெக் குழியில் தடித்த பெயிண்ட் சொட்டோ மரத்தூளோ உட்காரவிடாமல் தடுக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு ஷிம், அதாவது மெல்லிய ஆப்பு, வைக்க வேண்டும்.

எவ்வளவு கனம் என்பதை ஊகத்தில் விட வேண்டாம், கணக்கு எளிது. 12-ஆம் ஃப்ரெட் நட்டுக்கும் சேடிலுக்கும் சரிபாதியில் இருக்கிறது. அங்கே 1 மி.மீ. இறங்க வேண்டுமானால் சேடிலில் 2 மி.மீ. இறங்க வேண்டும். 34 அங்குல, அதாவது 864 மி.மீ. அளவுள்ள பேஸில் நெக் குழியின் நீளம் சுமார் 75 மி.மீ.; குழியின் முன்விளிம்பிலிருந்து பிரிட்ஜ் சுமார் 340 மி.மீ. தள்ளி இருக்கிறது. அப்படியென்றால் குழியின் பின்முனையில் வைக்கும் ஆப்பின் கனம் சேடிலில் நாலரை மடங்காகத் தெரியும். கால் மில்லிமீட்டர் ஆப்பு, சேடிலில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். உங்கள் 4 மி.மீ.யில் நெக் வளைவையும் நட்டையும் சரிசெய்வதில் அரை மில்லிமீட்டர் போனாலும், மிஞ்சும் மூன்றரையிலிருந்து இரண்டரைக்கு வர 12-ஆம் ஃப்ரெட்டில் 1, சேடிலில் 2 மி.மீ. வேண்டும். அரை மில்லிமீட்டர் ஆப்பு அதைத் தரும். முக்கால் மில்லிமீட்டர் வைத்தால் சேடிலை மேலும் கீழும் நகர்த்தக் கொஞ்சம் இடமும் கிடைக்கும். அதற்குமேல் தேவைப்பட்டால் வேறெங்கோ அளவு பிசகியிருக்கிறது.

ஆப்பு குழியின் பின்முனையில், பிரிட்ஜ் பக்கம், இருக்க வேண்டும். முன்முனையில் வைத்தால் தந்தி இன்னும் ஏறும். அட்டை, மடித்த தாள் எல்லாம் அழுத்தத்தில் நசுங்கும். கெட்டி மர வெனீர் துண்டோ விறைப்பான பிளாஸ்டிக் அட்டையோ நல்லது. பின்முனையில் மட்டும் ஒரு பட்டை வைத்தால் நடுவில் வெற்றிடம் விழுந்து, காலப்போக்கில் கடைசி ஃப்ரெட்டுகள் மேல்நோக்கி வளைந்துகொள்ளலாம் என்பதால், குழி முழுவதையும் நிரப்பும்படி ஒரு முனையில் கனமாகவும் மறுமுனையில் ஒன்றுமில்லாமலும் தேய்த்த சாய்வு ஆப்பு உயர்வு. முதலில் பட்டை வைத்து அளவைக் கண்டுபிடியுங்கள், பிறகு அதே கனத்தில் சாய்வு ஆப்பு செய்துகொள்ளலாம். ஸ்க்ரூ துளைகளை ஆப்பிலும் போட்டுவிடுங்கள்.

திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவை முதலில் எதிர்த்திசையில் சுற்றுங்கள். பழைய மரையில் ‘டக்’கென்று விழுவது கையில் தெரியும், அங்கிருந்து இறுக்குங்கள். நேரடியாக இறுக்கினால் புது மரை வெட்டும், இரண்டு மூன்று தடவையில் துளை தளர்ந்துவிடும். பவர் டிரைவர் வேண்டாம். துளை ஏற்கெனவே தளர்ந்திருந்தால் கெட்டி மரக் குச்சியில் மரப்பசை தடவி நிரப்பி, ஒரு இரவு காயவிட்டு, சிறு துளையிட்டு ஸ்க்ரூ போடுங்கள். ஸ்ட்ராப் பட்டன் கழன்றால் இதே வைத்தியம்தான்.

புதுத் தந்தி போட்டபின்

தந்தி 45, 65, 85, 105 (ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில் தந்தியின் கனம்) என்ற செட் வாங்குங்கள். நீள அளவு லாங் ஸ்கேல். சில ஆண்டுகளாகக் கிடந்த பழைய தந்தியில் சுருதித் துல்லியம் பார்ப்பது வீண். வெட்டும் முன் ஒரு கவனம்: தன் பெக்கை (சுருதி முறுக்கும் ஆணி) தாண்டி 10 முதல் 12 செ.மீ. விட்டு, முதலில் செங்குத்தாக மடித்து, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேல்சுற்று நழுவித் தந்தி கடைசிவரை மந்தமாகிவிடக்கூடும். முனையைப் பெக்கின் நடுத்துளையில் இறக்கி, சுற்றுகள் கீழ்நோக்கி இறங்க இரண்டு மூன்று சுற்று வரட்டும். ஈ, ஏ, டி, ஜி என்று சரியான சுருதிக்கு ஏற்றுங்கள். நான்கும் சேர்ந்து நெக்கை 75 முதல் 80 கிலோ வரை இழுக்கும். அந்த இழுவையில் அளக்கும் அளவுதான் அளவு. தந்தி தளர்ந்திருக்கும்போது எடுத்தது எதையும் நம்பாதீர்கள்.

இப்போதுதான் டிரஸ் ராட். ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்தியை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, நெக்கும் பாடியும் சேரும் இடத்து ஃப்ரெட்டில் விரலால் அழுத்துங்கள். தந்தி நேர்கோடாகிவிடும், 7 அல்லது 8-ஆம் ஃப்ரெட்டின் தலைக்கும் தந்தியின் அடிக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (கனம் குறித்த மெல்லிய தகடுகள்) அளவுங்கள். 0.3 முதல் 0.4 மி.மீ. வேண்டும். அதைவிட அதிகமென்றால் கடிகாரத் திசையில் இறுக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் எதிர்த்திசையில் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று முதல் கால் சுற்று வரை, அதற்குமேல் இல்லை. இறுக்கும் முன் தந்திகளைச் சற்றுத் தளர்த்திக்கொண்டால் ராடின் பாரம் குறையும். பிறகு சுருதி சேர்த்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி அளவுங்கள். இருதிசையிலும் வேலை செய்யும் ராட் என்றால் நடுவில் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் சுழலும், அது பழுதல்ல. கை வலிக்கும் அளவுக்கு எதிர்த்தால் நிறுத்திவிடுங்கள்.

அடுத்து நட். மூன்றாம் ஃப்ரெட்டில் தந்தியை அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் தலைக்கு மேல் இடைவெளி பாருங்கள். ஜி தந்திக்கு 0.2 மி.மீ., ஈ தந்திக்கு 0.3 மி.மீ. போதும். உங்களுடையதில் அதைவிட நிறைய இருக்கும், அதனால்தான் முதல் ஃப்ரெட்டில் சுருதி கூடுகிறது. நட் அரங்களின் விலை இந்த பேஸுக்கு அதிகம். கழற்றிய பழைய தந்திகளே பிளாஸ்டிக் நட்டுக்கு நல்ல அரம்: அதே தந்தியை அதே பள்ளத்தில் போட்டு, ஹெட்ஸ்டாக் பக்கம் சற்றுச் சாய்த்து இழுத்து இழுத்து அறுங்கள். ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை தந்தியைத் திரும்ப மாட்டி அளந்து பார்க்க வேண்டும். பள்ளத்தின் உயரமான இடம் ஃப்ரெட் பக்க விளிம்பாக இருக்கட்டும். பின்பக்கம் உயர்ந்தால் திறந்த தந்தி வீணை போல் இரையும். ஆழமாகிவிட்டால் பள்ளத்தில் பேக்கிங் சோடா துளி தூவி மெல்லிய சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விடுங்கள். உடனே சூடேறிப் புகைந்து இறுகிவிடும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். பிறகு மறுபடி அறுக்கலாம். ஆனால் அது தற்காலிகம்தான். புது நட் ஒன்றே நிரந்தரம்.

சேடில் உயரம்: 12-ஆம் ஃப்ரெட்டில் ஈ 2.5, ஜி 2 மி.மீ., நடுவில் இரண்டும் படிப்படியாக. திருகு 1.5 மி.மீ. ஆலன் கீயாக இருக்கலாம், 1/16 அங்குலமாகவும் இருக்கலாம். துருப்பிடித்திருந்தால் முந்தின இரவே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அதிர்வு கேட்டால் எங்கே என்று பாருங்கள்: 1 முதல் 5-ஆம் ஃப்ரெட் வரை மட்டும் என்றால் நெக் அளவுக்கு மீறி நேராக இருக்கிறது, 12-க்கு மேல் மட்டும் என்றால் சேடிலைச் சற்று ஏற்றுங்கள், திறந்த தந்தியில் மட்டும் என்றால் நட். ஆம்பில் கேட்காமல் கைக்கு மட்டும் கேட்கும் சிறு அதிர்வை விட்டுவிடுங்கள். பேஸில் அது சகஜம்.

சுருதித் துல்லியத்துக்கு, ஒவ்வொரு தந்தியையும் சேடிலுக்குச் சற்று முன்னால் விரலால் கீழே அழுத்தி, மடிப்பைப் படியவையுங்கள். பலரும் விட்டுவிடும் வேலை இது. விட்டால் அளவு நாளுக்கு நாள் மாறும். 12-ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) அழுத்தி மீட்டிய சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு, இறங்கியிருந்தால் முன்னுக்கு. தந்தியைத் தளர்த்திவிட்டு நகர்த்துங்கள். ஈ தந்தியின் சேடில் மற்றவற்றைவிடப் பின்னால் போய் நிற்பது இயல்பு.

பிக்கப் உயரத்தைக் கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி அளக்க வேண்டும்: ஈ பக்கம் 3, ஜி பக்கம் 2 மி.மீ. அளவில் தொடங்கி, நான்கு தந்தியும் சமமாகக் கேட்கும்வரை காதால் திருத்துங்கள். கிட்டே போகப் போக ஒலி கூடும், ஆனால் காந்தம் தந்தியைப் பிடித்திழுக்கத் தொடங்கினால் மேல் ஃப்ரெட்டுகளில் ஈ தந்தி அலைபாயும். எத்தனை சேடில் நகர்த்தியும் சுருதி சேரவில்லை என்று தோன்றினால் பிக்கப்பை இறக்கிப் பாருங்கள்.

எல்லாம் முடிந்தபின் ஜி தந்தியில் 5 முதல் 7-ஆம் ஃப்ரெட்டுக்குள் ஏதோ ஒரு சுரம் மட்டும் சீக்கிரம் செத்துப்போவது கேட்டால், அரத்தை எடுக்காதீர்கள். அது நெக் மரத்தின் இயல்பான அதிர்வு அந்தச் சுரத்தோடு மோதுவதால் வருவது, விலை உயர்ந்த பேஸ்களிலும் உண்டு. ஹெட்ஸ்டாக்கில் சிறிய கிளாம்ப் ஒன்றைக் கவ்வவைத்தால் அந்த இடம் அரை ஃப்ரெட், ஒரு ஃப்ரெட் நகரும்; அவ்வளவுதான் செய்ய முடியும். ஒரு நாள் கழித்து நெக் வளைவை மட்டும் மறுபடி அளந்துவிடுங்கள். புதுத் தந்தியின் இழுவைக்கு மரம் பழக அவ்வளவு நேரம் எடுக்கும். அப்போது எட்டில் ஒரு சுற்று தேவைப்படலாம்.